நான்காம் ஜாடி

அந்தப் பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் இதுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை. கையைச் சுட்டுக்கொண்டவர் இல்லை, அமிலம் தெறித்தவர் இல்லை, ஒரு சோதனைக்குழாய்கூட உடைந்ததில்லை. இதற்காகக் கல்வி அலுவலகம் கொடுத்த கேடயம் தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஆய்வகத்தையும் ஏறக்குறைய அப்படித்தான் வைத்திருந்தார்கள். அதிகாரிகள் பார்வையிட வரும்போது திறப்பார்கள். செய்முறைத் தேர்வன்று திறப்பார்கள். மற்ற நாட்களில் மாணவர்கள் சன்னல் வழியாக வேதியியலைப் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்காகப் பாடம் நடக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. வேதியியல் ஆசிரியர் வகுப்பறையிலேயே கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சோதனைகளையும் சொல்லிவிடுவார். பேரியம் உப்பைத் தீயில் காட்டினால் பச்சைச் சுவாலை, ஸ்ட்ரான்ஷியத்துக்குச் சிவப்பு, சோடியத்துக்குப் பொன்மஞ்சள். "ஆப்பிள் பச்சை" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். அவர் அதைப் பார்த்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றின்மேல் அத்தனை பற்று வைப்பது கோயிலில் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்திருந்தவர்கள் அவர் வகுப்புக்கு வந்து திருந்திக்கொள்ளலாம்.

விடைத்தாளில் மூன்று பத்திகள் போட வேண்டும்: சோதனை, காண்பன, அறிவன. என்ன செய்தோம், என்ன பார்த்தோம், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம். வேறு பள்ளிகளில் இடமிருந்து வலமாக எழுதுவார்கள் என்று கேள்வி. இங்கே முதலில் 'அறிவன'வை எழுதிவிடுவார்கள். அதற்குப் பொருத்தமாகக் 'காண்பன'. கடைசியில் நேரம் இருந்தால் 'சோதனை'.

இதற்கு வசதியாகத் தேர்வுக்கு முந்தின நாள் 'மீள்பார்வை' என்றொரு வகுப்பு உண்டு. எந்த மேசைக்கு எந்த ஜாடி, எந்த ஜாடியில் எந்த உப்பு என்பதை வேதியியல் ஆசிரியர் நிதானமாக, இரண்டு தரம் சொல்வார். அன்றிரவு ஊரில் எல்லாப் பிள்ளைகளும் நன்றாகத் தூங்குவார்கள்.

அந்த வருடம் மீள்பார்வைக்கு ஒரு பெண் வரவில்லை. வகுப்பிலேயே குட்டை என்பதால் எல்லோரும் அவளைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். அவளுடைய அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் எடுத்திருந்தார்கள். அப்பா பஸ் டிரைவர், விடுப்புக் கிடைக்கவில்லை. மகள்தான் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். அங்கே அலுக்காமல் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த செவிலியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், தானும் அதற்குத்தான் படிப்பது என்று முடிவுகட்டியிருந்தாள். செவிலியர் படிப்புக்கு வேதியியல் செய்முறையில் தேறியிருக்க வேண்டும். தேறாதவர்கள் அடுத்த வருடம் வரலாம். அம்மாவின் வைத்தியத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. தேறாவிட்டால் போக, அவளுக்குத் துணிக்கடையில் வேலை பேசி வைத்தாகிவிட்டது.

ஆகவே, என்ன உப்பு என்று தெரியாமலே தேர்வுக்கு வந்த ஒரே மாணவி அவள்தான்.

நான்காம் மேசை. எதிரே நான்காம் ஜாடி. பாதிக்கு மேல் வெள்ளைத் தூள். வெளியே ஒட்டியிருந்த பெயரைத் தேர்வுக்காகத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். அதற்குக் கீழே மண்டையோட்டுப் படமும் 'விஷம்' என்ற சொல்லும் மட்டும் தெரிந்தன. அந்த மேசையைச் சுற்றி நின்ற மற்ற பிள்ளைகள் மளமளவென்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் அம்மாவை வழக்கப்படி தலைமையாசிரியர் அறைக்குச் சாப்பிட அழைத்துப் போயிருந்தார்கள். வேதியியல் ஆசிரியர் பரிமாறப் போயிருந்தார். கூடத்தில் இருந்தவர் ஆய்வக உதவியாளர் ஒருவர்தான். பிள்ளைகள் அவரை ஜாடி அண்ணன் என்பார்கள்.

பொடிசு அவரிடம் போய் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, தீ வேணும்."

ஜாடி அண்ணனுக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா?"

"சுவாலைச் சோதனைக்கு."

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மற்ற பிள்ளைகளைக் காட்டினார். "அவங்கல்லாம் எழுதிட்டிருக்காங்களே."

"அவங்களுக்குத் தெரியும்ணா. எனக்குத் தெரியாது."

தெரியாது என்று அந்தக் கூடத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்டதில்லை. அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. உள்ளே போய்த் தேடி, தூசியடைந்த ஒரு ஸ்பிரிட் விளக்கைத் துடைத்து எடுத்து வந்தார். பிளாட்டினக் கம்பி விலை உயர்ந்த பொருள் என்பதால் அது தலைமையாசிரியரின் பீரோவில் இருந்தது. ஒரு பழைய மின்னடுப்பின் சுருளிலிருந்து கொஞ்சம் கம்பியை நறுக்கிக் கொடுத்தார். தம் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் தாமே பற்றவைத்தார்.

"கை பத்திரம்மா" என்றார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அவள் கம்பியை நனைத்து, தூளைத் தொட்டு, சுவாலையில் காட்டினாள். சுவாலை பளீரென்று பொன்மஞ்சளாக எழும்பியது. மறுபடி காட்டினாள். மறுபடியும் மஞ்சள். பக்கத்தில் நின்ற பெண் எட்டிப் பார்த்து, "ஐ, மஞ்சளா அழகா இருக்குடி!" என்றாள். பிறகு குனிந்து தன் தாளில் 'பச்சைச் சுவாலை' என்று எழுதி, அடியில் கோடு போட்டாள்.

பொடிசு எழுதினாள்: பொன்மஞ்சள். சோடியம்.

பிற்பகலில் தலைமையாசிரியர் அறையில் புறத்தேர்வாளர் அம்மா விடைத்தாள்களைத் திருத்தினார். நான்காம் மேசைத் தாள்கள் எல்லாவற்றிலும் பச்சை. ஒன்றில் மட்டும் மஞ்சள். பள்ளி கொடுத்த விடைக்குறிப்பில் நான்காம் ஜாடி பேரியம் குளோரைடு. பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒரு பொண்ணு தவறிடும் போலிருக்கே சார்" என்றார்.

தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பள்ளி வாசலில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று சிமெண்டில் எழுதி வைத்திருந்தார்கள். வர்ணத்தில் எழுதியிருந்தால் மாற்றலாம். சிமெண்டை இடித்தால்தான் உண்டு.

"யாரும் தவற மாட்டாங்க மேடம். தாளைக் குடுங்க, திருத்தி எழுதச் சொல்றேன். அதுக்குத்தானே பென்சில்ல முதல்ல எழுதச் சொல்றோம்?"

பொடிசு அழைக்கப்பட்டாள். அழைத்து வரப்போன பியூன், வாசலில் மகளுக்காகக் காத்திருந்த அவளுடைய அப்பாவையும் சேர்த்தே கூட்டிவந்துவிட்டார். டிரைவர் சீருடையில் இருந்தார். மாலை வண்டிக்குப் போக வேண்டியவர். மேசைமேல் மதிப்பெண் உறைக்கு முத்திரை வைக்க அரக்கும், அதை உருக்க ஒரு மெழுகுவத்தியும் தயாராக இருந்தன. அது எரிந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் அறைத் தீ ஆய்வகத் தீயில் சேராது.

"பொடிசு, நல்ல பொண்ணு நீ" என்று வேதியியல் ஆசிரியர் ஆரம்பித்தார். "இது பேரியம்மா. பச்சைன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போ."

"சார், எனக்கு மஞ்சளாத்தான் தெரிஞ்சுது."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா கேட்டிருக்கு கேள்வியில? எப்படித் தெரியும்னு கேட்டிருக்கு."

தலைமையாசிரியர் மேசை இழுப்பிலிருந்து ஒரு பச்சைச் சுண்ணக்கட்டியை எடுத்து உயர்த்தினார். "இது என்ன நிறம்?"

"பச்சை சார்."

"பாத்தீங்களா மேடம்! பச்சை நல்லாவே தெரியுது. கண்ணுல கோளாறு இல்ல. அப்ப வேணும்னேதான் எழுதியிருக்கா." மஞ்சள் கட்டியைக் காட்டவில்லை. அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

விஷயம் முற்றிவிட்டதால் குழு கூட்டப்பட்டது. பள்ளியின் விதிப்படி எந்தக் குழுவிலும் அந்தப் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத இருவர் இருக்க வேண்டும், நடுநிலைமைக்காக. வரலாற்று ஆசிரியரும் இலக்கிய ஆசிரியையும் வந்து அமர்ந்தார்கள். ஜாடி அண்ணன் தேநீர் கொண்டுவரப் பணிக்கப்பட்டார்.

வரலாற்று ஆசிரியர் நான்காம் மேசைத் தாள்களை எல்லாம் விரித்துப் பார்த்தார். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"அருமையான சான்றுகள்! ஒரே சம்பவம், ஒரே இடம், ஒரே நேரம். எல்லா எழுத்துச் சான்றும் பச்சைங்குது. ஒரு எழுத்துகூடப் பிசகாம ஒண்ணுபோல இருக்கு. இவ்வளவு ஒற்றுமை எந்தப் போரைப் பத்தியும் எங்களுக்குக் கெடைக்காது. அம்மா, நடந்தது வரலாறு இல்ல. நடந்ததுன்னு ஒத்துக்கிட்டதுதான் வரலாறு. நீ ஒருத்தி மஞ்சள்னா, அதை அடிக்குறிப்புல போடலாம். அடிக்குறிப்புக்கு மார்க்கு கெடையாது."

"சார், அவங்க யாரும் பத்தவைக்கவே இல்லையே" என்றாள் பொடிசு.

"அதனாலதான் அவங்க சான்று சுத்தமா இருக்கு. நேர்ல பார்த்தவங்களுக்கு எப்பவும் ஒரு பக்கச்சார்பு வந்துரும்."

இலக்கிய ஆசிரியை வேறு வகை. அவர் பெண்ணின் தோளில் கை வைத்தார். "மஞ்சள்னு எழுதும்போது உன் மனசு எப்படிடா இருந்துச்சு?"

"பசிச்சுது மிஸ். காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா வந்தேன்."

"பசி!" இலக்கிய ஆசிரியை கண்களை மூடினார். "ஆஸ்பத்திரி. நோயுற்ற தாய். வாடின இலை. சார், இலை வாடினா என்ன ஆகும்? மஞ்சளாகும். அதாவது பச்சை இந்தக் குழந்தை மனசுல மஞ்சளா முதிர்ந்திருக்கு. இவ எழுதினது பச்சையைத்தான். உருவகமா எழுதியிருக்கா."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. தலைமையாசிரியர், 'நான் மஞ்சள் என்று குறித்தது பச்சையையே' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். வேதியியல் ஆசிரியர், உருவகத்துக்கு ஒரு மதிப்பெண் குறைக்க வேண்டியிருக்கும் என்றார். அதற்கும் சம்மதித்தார்கள்.

பொடிசு பேனாவைக் கையில் வாங்கினாள். பக்கத்தில் நின்ற அப்பா மெல்ல, "எழுதிடும்மா. நாலு எழுத்து. அம்மா உன் ரிசல்ட்டைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார்.

"அப்பா, சிக்னல்ல மஞ்சள் விழுந்திருக்கறப்ப, பச்சைன்னு சொல்லுங்கன்னா சொல்வீங்களா?"

டிரைவர் மேசையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். அவர் பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரு யோசனையும் சொல்லவில்லை.

"இல்ல மிஸ்" என்று பொடிசு பேனாவைக் கீழே வைத்தாள். "உருவகம் இல்ல. மஞ்சளாத்தான் இருந்துச்சு. ஒரு தடவை பத்தவச்சுப் பாத்தா தெரிஞ்சிடுமே சார்? ஜாடி பக்கத்து ரூம்லதானே இருக்கு?"

புறத்தேர்வாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ரயில் இருந்தது.

தலைமையாசிரியர் பொறுமையாகச் சொன்னார். "ஒரு தடவை பாத்துட்டா, அப்புறம் பாத்ததா ஆயிடும்மா. பாக்காத வரைக்கும் அது பேரியம், எல்லாரும் பாஸ், எல்லாரும் நிம்மதி. பாத்த பிற்பாடு, பாக்காத மாதிரி யாராலயும் இருக்க முடியாது. அது எவ்வளவு பெரிய பொறுப்புன்னு உனக்குப் புரியாது. இந்தப் பள்ளிக்கூடத்தை இத்தனை வருஷம் நான் பாக்காமலேயே காப்பாத்திட்டு வர்றேன்."

அப்போதுதான் வேதியியல் ஆசிரியருக்குப் பொறி தட்டியது. "சார், ஒரு நிமிஷம். சுவாலை மஞ்சளோ பச்சையோ, இவளுக்குச் சுவாலை எங்கேர்ந்து வந்துச்சு?"

தலைமையாசிரியரின் முகம் கறுத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேடயத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஆய்வகத்துலயா? தீயா?"

ஒரு நிறத்தைப் பற்றிய விசாரணை அந்த நிமிடம் ஒரு குற்றத்தைப் பற்றிய விசாரணையாக மாறியது. கதவைச் சாத்தச் சொன்னார்கள்.

"யார் குடுத்தது?"

ஜாடி அண்ணன் எல்லோருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு, மிச்சக் கோப்பைகள் இருந்த தட்டுடன் சுவரோரம் நின்றிருந்தார். கோப்பைகள் தட்டில் கடகடவென்று ஆடின. பொடிசு அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கக் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள்.

"இதோ பாரு" தலைமையாசிரியர் குரலைத் தணித்தார். "இப்ப எல்லாம் சுலபமாயிடுச்சு. யாரோ அனுமதியில்லாத தீயைக் குடுத்து உன்னைக் குழப்பியிருக்காங்க. பேரைச் சொல்லு. தப்பு அவங்களோடது. உனக்குப் பச்சை, முழு மார்க்கு. செவிலியர் படிப்பு. இந்த மெழுகுவத்தி அணையறதுக்குள்ள சொல்லணும். அப்புறம் உறையை ஒட்டிடுவேன். உன் பேர் இல்லாம. தேர்வுக்கே வரலைன்னு போட்டுடுவேன். வராதவங்க தவற மாட்டாங்க. நூற்றுக்கு நூறு அப்படியே இருக்கும்."

மெழுகுவத்தி ஏற்கெனவே கரைந்து குட்டையாகியிருந்தது. திரி சாய்ந்து, மெழுகு மேசைவிரிப்பில் வழிந்தது. டிரைவர் மகளுடைய தலையைப் பார்த்தார். அவள் உதடுகள் அசைந்தன, வேண்டிக்கொள்கிறாள் போலிருந்தது. யாருக்காக என்பது கடவுளுக்குத்தான் தெரியும். பேரை மட்டும் அவள் சொல்லவில்லை.

"நான்தாங்க குடுத்தேன்."

ஜாடி அண்ணன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கேட்டுச்சு, குடுத்தேன். அந்தப் பிள்ளை பாத்ததும் சரிதாங்க. அது பேரியமே இல்ல. சமையல் உப்பு. போன தடவை அதிகாரி வர்றப்ப எல்லா ஜாடியும் நெறஞ்சிருக்கணும்னு சொன்னீங்க. கடைக்குப் போயி மூட்டை உப்பு வாங்கியாந்து நான்தான் ரொப்பினேன். நாலாம் ஜாடி மட்டும் இல்ல, வெள்ளையா இருக்கற அத்தனை ஜாடியும் உப்புத்தாங்க."

வெளியே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

"நெரப்புன்னுதான் சொன்னேன்" என்றார் தலைமையாசிரியர். "எதை வச்சுன்னு நான் சொல்லல. இது குறிப்புல ஏறட்டும்."

வேதியியல் ஆசிரியர் பக்கத்து அறைக்குப் போய் ஜாடியைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார். "பேரியம் குளோரைடுன்னு எழுதியிருக்கு. எழுத்தையே நம்பலைன்னா அப்புறம் வேதியியலே இல்ல சார். இவர் சொல்றதை ஏத்துக்கிட்டா இந்த வருஷம் அத்தனை பேரும் பெயில். முந்தின வருஷங்கள்ல பாஸானவங்களையும் திருப்பிக் கூப்பிடணும். அதுல ரெண்டு பேர் இப்ப வேதியியல் வாத்தியாரா இருக்காங்க."

"அப்ப இது என்ன?" தலைமையாசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டார். "குறிப்புக்காகக் கேக்கறேன்."

"பேரியம் குளோரைடு. கடும் விஷம்" என்றார் வேதியியல் ஆசிரியர்.

"எல்லாச் சான்றும் அப்படித்தான் சொல்லுது" என்றார் வரலாற்று ஆசிரியர்.

"விஷம்னு எழுதியிருக்கறதைப் படிக்கறப்பவே உடம்பு சிலிர்க்குது" என்றார் இலக்கிய ஆசிரியை.

புறத்தேர்வாளர் அம்மா, "நீங்க குடுத்த விடைக்குறிப்புல அப்படித்தான் இருக்கு" என்றார்.

"நல்லது. ஏகமனதா முடிவாச்சு" என்றார் தலைமையாசிரியர். அரக்கைக் கையில் எடுத்தார்.

ஜாடி அண்ணன் முன்னால் வந்தார். தேநீர்த் தட்டிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார். ஜாடியின் மூடியைத் திருகினார். கரண்டி நிறைய வெள்ளைத் தூளை அள்ளினார்.

"நான் படிக்காதவன். எனக்கு வேற வழி தெரியலைங்க" என்றார். "விஷமா இருந்தா நான் போயிடுவேன். இல்லேன்னா அந்தப் பிள்ளையை பாஸ் போட்டுடுங்க."

கரண்டி அவர் வாயை நோக்கிப் போயிற்று.

நாற்காலிகளில் அமர்ந்திருந்த ஒருவரும் அசையவில்லை. வேதியியல் ஆசிரியர் ஜாடியின் மூடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். வரலாற்று ஆசிரியர் தாள்களை அடுக்கினார். இலக்கிய ஆசிரியை தேநீரை உறிஞ்சினார். தலைமையாசிரியர் அரக்கை மெழுகுவத்தியில் காட்டினார்.

"அண்ணா, வேணாம்!"

பொடிசு பாய்ந்துபோய் அவர் கையைத் தட்டிவிட்டாள். கரண்டி சுவரில் மோதி விழுந்தது. தூள் தரையெல்லாம் சிதறியது. அதற்குள் கொஞ்சம் அவர் வாய்க்குள் போய்விட்டது.

"துப்புங்க! முழுங்காதீங்க, துப்புங்கண்ணா!" அவள் அவர் தாடையைப் பிடித்து உலுக்கினாள். "ரொப்பறதுக்கு முன்னாடி ஜாடியைக் கழுவினீங்களா? அடியில பழசு இருந்துச்சா?"

ஜாடி அண்ணனின் முகம் வெளுத்தது. இதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. "கொஞ்சம் இருந்துச்சும்மா... அதுக்கு மேலயே கொட்டினேன்னு நெனைக்கிறேன்..."

"மஞ்சள் மத்த நிறத்தை மறைச்சிடும்ணா! கொஞ்சம் பேரியம் கலந்திருந்தாக்கூடக் கண்ணுக்குத் தெரியாது! அப்பா, தண்ணி!"

டிரைவர் தம் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். குப்பைக்கூடையை இழுத்து வைத்து, ஜாடி அண்ணனின் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பொடிசு திரும்பத் திரும்ப வாய் கொப்பளிக்க வைத்தாள். அழுதுகொண்டே தலைமையாசிரியரைப் பார்த்துக் கத்தினாள்.

"சார், பச்சைன்னே எழுதிடறேன் சார்! உருவகம்னும் எழுதறேன், எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க சார்!"

தலைமையாசிரியர், "கத்தாதே. முதல்ல, பள்ளிப் பொருளைத் தின்ன இவருக்கு யார் அனுமதி குடுத்தாங்கன்னு தெரியணும்" என்றார். "குறிப்புல எழுதுங்க: அனுமதியின்றி ஆய்வக வேதிப்பொருளை உண்டது. அளவு, ஒரு கரண்டி."

"அரைக் கரண்டி" என்று திருத்தினார் வரலாற்று ஆசிரியர். அவர் சான்றுகளில் கறாரானவர்.

ஜாடி அண்ணன் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். அறையில் அவர் மூச்சும் குப்பைக்கூடையில் விழும் தண்ணீரின் சத்தமும்தான் கேட்டன. பிறகு மெல்ல நிமிர்ந்தார். "உப்பும்மா. வெறும் உப்புக் கரிப்புத்தான். ஒண்ணுமில்ல, அழாதே."

புறத்தேர்வாளர் அம்மா எழுந்து நின்றார். எழுந்தது தாமதம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்ததில் விரல்கள் சிவந்திருந்தன.

"விஷம்னு ஏகமனதா முடிவு பண்ணினோம்" என்றார். "ஒருத்தர் அதை அள்ளி வாயில போடறார். நாம எல்லாரும் உட்கார்ந்துதான் இருந்தோம். நானும்தான். உப்புன்னு எழுதின பொண்ணு ஒருத்திதான் ஓடினா."

"எங்களுக்கு அது உப்புன்னு தெரியும் மேடம், அதனாலதான்..." என்று ஆரம்பித்த வேதியியல் ஆசிரியர் பாதியில் நிறுத்திக்கொண்டார். இலக்கிய ஆசிரியையின் கோப்பை கையிலிருந்து நழுவியது.

தலைமையாசிரியர் மட்டும் நிதானம் இழக்கவில்லை. "அது தனிப்பட்ட முறையில தெரியும். குழு என்கிற முறையில தெரியாது. ரெண்டும் வேற. நான் வீட்டுல ஒரு மனுஷன், இங்க ஒரு பதவி. பதவிக்கு நாக்கு கெடையாது மேடம், அது எதையும் ருசி பாக்காது."

புறத்தேர்வாளர் அம்மா பொடிசின் தாளை எடுத்தார். 'பொன்மஞ்சள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சரி என்று குறியிட்டார். முழு மதிப்பெண் போட்டார். மதிப்பெண் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே எழுதினார். மற்ற பிள்ளைகளின் மதிப்பெண்களை அவர் தொடவில்லை. அந்தப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததை எழுதியவர்கள், அவர்கள்மேல் கை வைக்க மனம் வரவில்லை. சொல்லிக்கொடுத்தவர்கள்மேல் கை வைக்கத் தைரியம் வரவில்லை. அவரும் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்தான். ஆனாலும் மெழுகுவத்தி அணைவதற்குள் பட்டியலை உறையில் போட்டு, அரக்கைத் தலைமையாசிரியர் கையிலிருந்து வாங்கி, தாமே சொட்டவிட்டு முத்திரை வைத்தார்.

"சரி, உங்க இஷ்டம்" என்றார் தலைமையாசிரியர். நூற்றுக்கு நூறு கெடவில்லை. அவருக்கு மஞ்சளோடு தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. "ஆனா இவரை விட முடியாது. தீ பத்தவச்சது ஒண்ணு. வேதிப்பொருளைத் தின்னது ஒண்ணு. நாளைக்கே வேலையிலிருந்து நிறுத்தி வைக்கிறேன்."

ஜாடி அண்ணன் தரையில் சிதறிய உப்பைக் கையால் கூட்டத் தொடங்கியிருந்தார். அவர் நிமிரவில்லை.

"அவர் எதையும் அனுமதியில்லாம செய்யல" என்றார் புறத்தேர்வாளர் அம்மா. "சாப்பாட்டுக்கு முன்னாடி, கேட்கற பிள்ளைக்குத் தீ குடுங்கன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன். இப்ப ருசி பார்த்துச் சொல்லுங்கன்னு சொன்னதும் நான்தான். புறத்தேர்வாளருக்கு அந்த அதிகாரம் இருக்கு. எழுதித் தர்றேன்."

ஒரு தாளை இழுத்து விறுவிறுவென்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட பொய்களிலேயே, சொன்னவருக்கு ஒரு லாபமும் இல்லாத பொய் அது ஒன்றுதான். மேலே கணக்கு வைத்திருப்பவர் அதை எந்தப் பக்கம் எழுதிக்கொண்டாரோ, தெரியாது.

தலைமையாசிரியர் திகைத்துப்போனார். "மேடம், நீங்க அப்படி ஒண்ணும் சொல்லலையே! நாங்க எல்லாரும் இங்கயே இருந்தோமே, பாத்தோமே!"

"பாத்ததை எழுதற வழக்கம் உங்க பள்ளிக்கூடத்துல இல்லையே சார்" என்றார் அம்மா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

சிறிது நேரம் கழித்து மூன்று பேர் பள்ளியின் படிகளில் இறங்கினார்கள். டிரைவர் முன்னால் போனார். டிப்போவுக்குப் போன் பண்ணி, வண்டியை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஜாடி அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தபடி பொடிசு வந்தாள். இரண்டு விரலால் நாடியைத் தேடினாள். ஆஸ்பத்திரியில் பார்த்தது.

"ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்கும்மா? நீதான் கண்டுபிடிச்சியே, உப்புன்னு. நான்தானே ரொப்பினேன்? எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் தெரியும்ணா" என்றாள் அவள், விரலை எடுக்காமல். "இருந்தாலும் பாத்துடலாம்."